புதுப் பையனின் புள்ளிக் கணக்கு

கபடி அணி ஒன்றுக்குள் முதன்முறையாக அடியெடுத்து வைக்கும் இளம் ரெய்டர் மீது, அதாவது எதிரணியின் எல்லைக்குள் சென்று ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய வீரர் மீது, பார்வையாளர்கள் ஏற்றி வைக்கும் எதிர்பார்ப்பு பெரும்பாலும் அவருடைய ஆட்டத்தைப் பார்த்துப் பிறப்பதில்லை. அவர் வந்து சேரும் முன்பே அங்கே காத்திருக்கும் சில எண்களிலிருந்து பிறக்கிறது. அவருக்கு முன் அந்த இடத்தில் ஆடிய நட்சத்திர வீரரின் புள்ளிகள், ஏலத்தில் அணி செலவிட்ட தொகை, அணி தோற்றுக்கொண்டே வந்த ஆண்டுகள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பாரமாகி, இன்னும் பத்து ஆட்டம்கூட ஆடியிராத ஒருவரின் தோளில் இறங்குகின்றன. அவர் அந்தப் பாரத்தைச் சுமந்துவிட்டால் அடுத்த சீசனில் அது இரட்டிப்பாகிறது. சுமக்கவில்லை என்றால் ‘ஏமாற்றிவிட்டான்’ என்ற ஒற்றைச் சொல்லில் கணக்கு முடிக்கப்படுகிறது. புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணி கடந்து வந்த பாதையை எடுத்துப் பார்த்தால், இந்தக் கணக்கு முறையில் உள்ள பிழை எங்கே இருக்கிறது என்பது ஓரளவு துலங்கும்.

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் சாலையில் அமைந்த சமயநல்லூரும், அதையொட்டிய பரவை, தேனூர், சற்று அப்பால் சோழவந்தான், வாடிப்பட்டி ஆகிய ஊர்களும் கபடிக்குப் புதியவை அல்ல. பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டி இந்த வைகைக்கரைச் சமவெளியில் இரவு விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களில், மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து இறுக்கிய தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் பார்வையாளர்கள் உட்கார்ந்து பார்ப்பதே வழக்கம். அவ்வளவு நெருக்கத்தில் உட்காருபவர்கள் புள்ளிப் பலகையைவிடப் பாடிச் செல்பவரின் காலையே அதிகம் கவனிக்கிறார்கள். ரெய்டு என்று இன்று வழங்கும் செயலுக்கு இந்தப் பக்கத்தில் ‘பாடிப் போவது’ என்பதே பழகிய பெயர். ‘கபடி, கபடி’ என்றோ, முன்பு ‘சடுகுடு’ என்றோ மூச்சு அறுபடாமல் சொல்லிக்கொண்டே போவதால் வந்த பெயர் அது. ஊரணிக்கு முதன்முறையாகப் பாடிப் போகும் புதுப் பையனிடம் இந்தப் பார்வையாளர்கள் கேட்பது புள்ளியை அன்று. ‘மொதல்ல திரும்பி வரட்டும்’ என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். மூலையில் நிற்பவரைப் பார்த்து நின்றானா, பின்வாங்கும்போது முதுகைக் காட்டினானா, மூச்சு முடியும் முன் கோட்டைக் கணக்கு வைத்திருந்தானா என்பவற்றை வைத்தே ‘பையன் தேறுவான்’ அல்லது ‘இன்னும் ரெண்டு வருசம் போகணும்’ என்ற தீர்ப்பு எழுதப்படும். வியப்புக்குரியது என்னவென்றால், மண்தரையில் இவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் அதே கண்கள், தொலைக்காட்சியில் புரோ கபடியைப் பார்க்கும்போது திரையின் ஓரத்தில் ஓடும் புள்ளி எண்ணிக்கைக்குச் சுருங்கிவிடுகின்றன.

அந்த எண்ணிக்கை எப்படி உண்டாகிறது என்பதை ஆட்டத்தின் விதிகளுக்குள் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் பாக் கோடும், அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடும் உள்ளன. எவரையும் தொடாமல் திரும்பும் ரெய்டர் பாக் கோட்டையாவது ஒரு முறை தாண்டியிருக்க வேண்டும். எதிரணியில் ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போது, ஒரு காலைத் தூக்கி மறு காலால் போனஸ் கோட்டுக்கு அப்பால் மிதித்துவிட்டால் ஒரு புள்ளி கிடைக்கும். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அந்த 30 விநாடிக்குள் ஏழு பேர் சங்கிலி கோத்தும் பிரிந்தும் வளைக்கும் வளையத்துக்குள் போய், இடது மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கப் பாய்வாரா, உள்பக்கம் நிற்பவர் இடுப்பைப் பிடித்துத் தள்ளுவாரா என்று ஊகித்து, அவர் பாயும் கணத்தில் அவருடைய கையையோ முதுகையோ தொட்டுவிட்டுப் பின்னால் குதிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமையாகத் திரும்பினால் மூன்றாவது ரெய்டு ‘டூ ஆர் டை’, அதாவது புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையேல் ரெய்டர் வெளியேற வேண்டும் என்பது லீக்கின் விதி. இந்த மூன்றாவது ரெய்டுக்கு அணிகள் பல வேளைகளில் தங்களுடைய முதன்மை வீரரை அனுப்பாமல் இரண்டாம், மூன்றாம் நிலை வீரர்களை அனுப்புகின்றன. புதிதாக வந்தவரின் பெயர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். ஆகவே, அனுபவம் குறைந்தவருக்கே ஆபத்து மிகுந்த ரெய்டுகள் அதிகம் விழுகின்றன என்ற முரண் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதைவிட முக்கியமானதும், பார்வையாளரின் கணக்கில் ஏறக்குறைய இடமே பெறாததும் வெளியேறியவர் மீண்டும் உள்ளே வரும் முறையாகும். பிடிபட்ட ரெய்டர் களத்துக்கு வெளியே உள்ள இருக்கையில் போய் உட்கார வேண்டும்; அவருடைய அணி எதிரணி வீரர் ஒருவரை வெளியேற்றினால்தான் வெளியே இருப்பவர்களில் ஒருவர் உயிர் பெற்று உள்ளே வருவார். அப்படி வருபவர் யார் என்பதை அணி தேர்ந்தெடுக்க முடியாது. வெளியேறிய வரிசையிலேயே திரும்ப வேண்டும். ரெய்டர் பிடிபடும் முன்பே அவருடைய அணியில் மூன்று தற்காப்பு வீரர்கள் வெளியேறியிருந்தால், அவர் வரிசையில் நான்காமவர். அந்த மூவரும் திரும்பிய பின்னரே அவருக்கு வழி திறக்கும். போனஸ் புள்ளி பலகையில் ஏறுமே தவிர, அதனால் எவரும் உயிர் பெறுவதில்லை. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ எஞ்சியிருக்கும் அணி எதிர் ரெய்டரைப் பிடித்தால் ‘சூப்பர் டேக்கிள்’ என்று இரண்டு புள்ளி கிடைக்கும். ஆயினும் உள்ளே வருபவர் ஒருவரே. ஏழு பேரும் வெளியேறி ‘ஆல் அவுட்’ ஆனால் மட்டும் எதிரணிக்கு இரண்டு கூடுதல் புள்ளிகள் கொடுத்துவிட்டு அனைவரும் ஒரு சேர உள்ளே வரலாம். ஓர் ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதிகள். ஒரு ரெய்டுக்கு முழு 30 விநாடி என்று கொண்டால் இரு அணிகளுக்கும் சேர்த்து 80 ரெய்டுகள், ஓர் அணிக்கு 40. இந்த 40இல் தன் பங்குக்கு 15 அல்லது 20 கிடைக்க வேண்டிய ரெய்டர், இரண்டு முறை பிடிபட்டு ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் வெளியே உட்கார நேர்ந்தால், ஆட்டத்தின் கால் பங்கை இருக்கையிலேயே கழித்தவர் ஆகிறார். அவரை விரைவில் உள்ளே கொண்டுவர வேண்டியவர்கள் அவருடைய அணியின் பிடி வீரர்கள். பிடி சரியாக இருந்தால் ரெய்டருக்கு ரெய்டுகள் பெருகும். ரெய்டுகள் பெருகினால் புள்ளிகள் பெருகும். ரெய்டரின் பெயருக்கு நேரே எழுதப்படும் எண்ணில் மூலையில் நின்று கணுக்காலைப் பிடித்தவரின் உழைப்பும் கலந்திருக்கிறது. ஆனால் எழுதும்போது ஒருவர் பெயரில்தான் எழுதுகிறார்கள்.

இந்தப் பின்னணியுடன் தமிழ் தலைவாஸின் வரலாற்றைப் பார்ப்பது தகும். 2014இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய புரோ கபடி லீக், 2017இல் 5ஆவது சீசனில் பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோது தமிழகத்துக்கென ஓர் அணி வந்தது. கபடியைத் தங்கள் மண்ணின் ஆட்டம் என்று கருதும் மக்களுக்கு அது நெடுநாள் காத்திருந்த வரவு. ஆனால் நடந்தது வேறு. இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த அஜய் தாக்கூர் முதல் சீசனிலேயே 222 ரெய்டு புள்ளிகள் குவித்தும், அணி தன் பிரிவில் கடைசி இடத்தில் நின்றது. அடுத்த சீசனிலும் பிரிவில் கடைசி. 2019இல் 7ஆவது சீசனுக்கு ராகுல் சௌத்ரி 94 இலட்சம் ரூபாய்க்கு அழைத்து வரப்பட்டு, அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர் ஆகியோருடன் சேர்க்கப்பட்டபோது, காகிதத்தில் அதைவிடப் பெரிய அணி இல்லை என்று பேசப்பட்டது. முடிவில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். பெரிய பெயர்களைச் சேர்த்தால் பெரிய அணி ஆகிவிடும் என்ற நம்பிக்கை அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்பதே அடுத்து நடந்தது காட்டுகிறது.

2022 ஆகஸ்டில் நடந்த ஏலத்தில், 9ஆவது சீசனுக்காக, பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் எடுத்தது. லீக்கின் வரலாற்றில் அதுவரை எந்த வீரருக்கும் கொடுக்கப்படாத தொகை அது. பவன் அதற்கு முந்தைய மூன்று சீசன்களிலும், முறையே 271, 346, 304 ரெய்டு புள்ளிகளுடன், முதலிடம் பிடித்தவர் என்பதால் தொகையில் வியப்பில்லை. அக்டோபர் 8ஆம் நாள் குஜராத் ஜயன்ட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. தூக்கிச் செல்லப்பட்டவர் அந்த சீசன் முழுவதும் திரும்பவில்லை. அணியின் திட்டம் முழுவதும் ஒரு வீரரைச் சுற்றி வரையப்பட்டிருந்த நிலையில், அந்த வெற்றிடத்தில் நின்றவர் ஹரியானாவிலிருந்து வந்த நரேந்தர். ‘புதிய இளம் வீரர்’ என்று லீக் வகைப்படுத்தும் பிரிவில், ஏலத்தின் ஆரவாரத்துக்கு வெளியே, அதில் புழங்கும் தொகையோடு ஒப்பிட்டால் சிறு ஊதியத்துக்கு அணியில் சேர்ந்தவர் அவர். அந்த சீசனில் அவர் எடுத்த ரெய்டு புள்ளிகள் 243. ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துக்கு மேல். முதல் சீசன் ஆடும் ஒருவர் அதுவரை லீக்கில் அவ்வளவு எடுத்ததில்லை. சாகர் ராட்டீ தலைமையில், நடு வழியில் பயிற்சியாளர் மாறி ஆஷன் குமார் பொறுப்பேற்ற பின், அணி ஐந்தாம் இடம் பிடித்து முதன்முறையாகப் பிளே ஆஃப் சுற்றுக்குச் சென்றது, உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமனில் முடிந்த ஆட்டத்தை டை பிரேக்கரில் 6-4 என வென்று, அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டு புள்ளியில் தோற்றது.

நரேந்தரின் 243 புள்ளிகளை அவருடைய தனித்திறமையின் அளவாக மட்டும் படித்தவர்கள் அடுத்த சீசனில் 300 எதிர்பார்த்தார்கள். அந்த எண் எந்த நிலைமைகளில் உண்டானது என்பதை அவர்கள் கேட்கவில்லை. பவன் உடல்நலத்துடன் இருந்திருந்தால் நரேந்தருக்கு அதில் பாதி ரெய்டுகளாவது கிடைத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. காயம் ஒருவருக்குக் கதவை அடைத்து இன்னொருவருக்குத் திறந்தது. மறுபுறம் அஜிங்கிய பவார் இரண்டாம் ரெய்டராக நின்று சுமையைப் பகிர்ந்தார். சாகர், சாஹில் குலியா, தமிழகத்தைச் சேர்ந்த எம். அபிஷேக் உள்ளிட்டோரின் பிடி வரிசை, வெளியேறிய ரெய்டரை உள்ளே கொண்டுவரும் வேலையைச் செய்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நரேந்தர் எப்படி ஆடுவார் என்பது எதிரணிகளுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுவார், கையை நீட்டித் தொடுவாரா காலை நீட்டித் தொடுவாரா, பிடிபட்டால் கோட்டை நோக்கி எப்படித் துள்ளுவார் என்பதற்கு முதல் ஆண்டில் பதிவுகள் இல்லை. இரண்டாம் ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களின் காணொளி பன்னிரண்டு அணிகளின் பயிற்சியாளர்களிடமும் இருந்தது. அவர் 243ஐ மீண்டும் எட்டவில்லை. 10ஆவது சீசனில் அணி ஒன்பதாம் இடத்தில் முடிந்தது. ‘ஒரு சீசன் பையன்’ என்ற பேச்சு எழுந்தது. அவருடைய ஆட்டம் குறைந்ததா, அவரை எதிர்கொள்ளும் முறை கூர்மையானதா என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அந்தப் பேச்சில் இல்லை.

புதியவர்களின் இரண்டாம் ஆண்டு எப்போதும் சரிவாகவே இருக்கும் என்று சொல்வதும் தவறு. 2018இல் 6ஆவது சீசனில் அறிமுகமான தபாங் டெல்லியின் நவீன் குமார் அந்த ஆண்டில் 172 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆண்டில் 300ஐத் தாண்டினார், தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளியாவது எடுக்கும் ‘சூப்பர் 10’ கண்டார். முதல் ஆண்டில் அவர் மீது பெருந்தொகையின் நிழல் விழவில்லை. அணி அவரைச் சுற்றி மெல்லக் கட்டப்பட்டது. அதே 6ஆவது சீசனில் யு மும்பாவுக்கு அறிமுகமான சித்தார்த் தேசாயின் கதை எதிர்த் திசையில் செல்கிறது. முதல் சீசனிலேயே 218 ரெய்டு புள்ளிகள் எடுத்ததால், மறு ஆண்டு தெலுங்கு டைட்டன்ஸ் அவருக்கு 1 கோடியே 45 இலட்சம் கொடுத்தது. அந்த ஏலத்தின் உச்சத் தொகை அதுதான். இரண்டாம் ஆண்டிலும் அவர் ஏறக்குறைய அதே அளவு புள்ளிகள் எடுத்தார். ஆனால் டைட்டன்ஸ் பதினொன்றாம் இடத்துக்குச் சரிந்ததால், அந்தப் புள்ளிகள் யாருடைய நினைவிலும் தங்கவில்லை. ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே எண். ஓர் ஆண்டில் கண்டுபிடிப்பு, மறு ஆண்டில் ஏமாற்றம். மாறியவை ஏலத்தொகையும் அணியும் மட்டுமே.

கடல் கடந்த ஓர் ஆட்டத்தில் இதே நிலை இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. அமெரிக்கக் கால்பந்து என்பது பெயரில் கால்பந்தாக இருந்தாலும், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டும் ஆட்டம். அதில் குவாட்டர்பேக் என்பவர் பந்தை எறிபவர். வைட் ரிசீவர் என்பவர் களத்தின் ஓரத்திலிருந்து எதிரணிக்குள் ஊடுருவி ஓடி, பறந்து வரும் பந்தைப் பிடிப்பவர். எறிபவர் தடுமாறினால் பிடிப்பவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. அங்கே கல்லூரி அணிகளிலிருந்து வீரர்களை வரிசை எண் போட்டுத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்கிறார்கள். 2024இல் நான்காவது எண்ணில் எடுக்கப்பட்ட மார்வின் ஹாரிசன் ஜூனியர், அந்த ஆட்டத்தின் புகழ்க்கூடத்தில் இடம் பெற்ற தந்தையின் பெயரையே தாங்கியவர். அரிசோனா கார்டினல்ஸுக்காக முதல் ஆண்டில் அவர் 62 முறை பந்தைப் பிடித்து 885 கெஜம் எடுத்தார். எட்டு முறை கடைசிக் கோட்டைத் தாண்டினார். அறிமுக வீரர் ஒருவருக்கு இது நல்ல எண். ஆனால் நான்காம் எண்ணையும் தந்தையின் பெயரையும் சேர்த்து எடைபோட்ட ரசிகர்களுக்கு அது போதவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், 177ஆவது எண்ணில், ஏறக்குறைய மறக்கப்பட்ட நிலையில் எடுக்கப்பட்ட புகா நகுவா என்பவர், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் முதன்மை ரிசீவர் கூப்பர் கப் காயத்தால் தொடக்க ஆட்டங்களுக்கு வர முடியாமல் போன இடைவெளியில் களம் இறங்கி, 1,486 கெஜம் எடுத்து, 1960 முதல் நிலைத்திருந்த அறிமுக வீரர் சாதனையை முறியடித்தார். பவனின் முழங்காலும் நரேந்தரும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. எதிர்பார்ப்பு ஏதும் இல்லாதவருக்குக் கிடைத்த பிழை செய்யும் உரிமை, எதிர்பார்ப்பு மிகுந்தவருக்குக் கிடைக்கவில்லை.

தொகை ஒரு வீரரின் முதல் அடியை எப்படி மாற்றிவிடுகிறது என்பதற்குத் தமிழக வாசகருக்கு நெருக்கமான சான்றுகள் கிரிக்கெட்டில் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனை 2017 ஐபிஎல் ஏலத்தில், 10 இலட்சம் என்ற அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் பஞ்சாப் அணி எடுத்தது. அந்த ஆண்டில் அவர் ஆறு ஆட்டங்களில் இரண்டு விக்கெட்டுகள் மட்டுமே எடுத்தார். மறு ஆண்டு ஹைதராபாத் அணி அவரை 40 இலட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன்கள் ஓர் ஆட்டமும் தராமல் வெளியே உட்கார வைத்தது. 2020இல் களமிறங்கிய அவர் 16 விக்கெட்டுகள் எடுத்து, அதே குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். வருண் சக்கரவர்த்திக்கு 20 இலட்சத்திலிருந்து 8 கோடியே 40 இலட்சத்துக்குத் தாவிய விலை. 2019 மார்ச்சில் ஈடன் கார்டன்ஸில் அவர் வீசிய முதல் ஓவரில் 25 ரன்கள் போயின, காயமும் சேர்ந்துகொள்ள அந்த ஆண்டு அந்த ஓர் ஆட்டத்துடன் முடிந்தது. பின்னாளில் 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட்டுகள் எடுத்தவரும் அவரே. இருவருக்கும் அந்தத் தொடக்கத்துக்கும் பின்னாளைய வெற்றிக்கும் இடையில் ஓடிய ஆண்டுகளை எந்த ஏலமும் விலைக்கு வாங்கித் தரவில்லை.

தமிழ் தலைவாஸ் விஷயத்தில் இன்னொரு பாரமும் உண்டு. அது தொகையோடு தொடர்பில்லாதது. அணியின் பெயரில் தமிழ் இருக்கிறது, களத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஹரியானாக்காரர்கள் என்ற முணுமுணுப்பு 2017 முதலே உண்டு. முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர்; அவருடைய வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன்’ 2025இல் வெளிவந்தபோது, பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த ஒரு தலைமுறை அவரைத் திரும்பிப் பார்த்தது. தஞ்சைப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன், பிற வீரர்கள் ஓய்வு பெறும் வயதைத் தாண்டி, நாற்பதுகளிலும் லீக்கில் மூலையில் நின்று பிடித்தவர். 2016இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்ற 4ஆவது சீசனில் அணித்தலைவர். 2014இல் முதல் கோப்பையை வென்ற ஜெய்ப்பூர் அணியின் பயிற்சியாளர் காசிநாதன் பாஸ்கரனும் தமிழகத்தவரே. இவ்வளவு இருந்தும் தமிழகத்தின் பெயர் தாங்கிய அணியில் தமிழர் குறைவு என்ற ஆதங்கம், அணிக்குள் ஓர் இளம் தமிழ் வீரர் வந்தவுடன் அவரை வீரராகப் பார்க்காமல் பிரதிநிதியாகப் பார்க்க வைக்கிறது. ஹரியானா இளைஞர் பிடிபட்டால் அது ஒரு புள்ளி. தமிழ் இளைஞர் பிடிபட்டால் ‘இதுக்குத்தான் நம்ம ஆளுகளை எடுக்கறதில்ல’ என்று ஒரு முழு மாநிலத்தின் தகுதியே கேள்விக்கு உள்ளாகிறது. மாற்று வீரராக இருந்துவிட்டு, ஆட்டம் கைநழுவிய பின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறக்கப்படும் ஒருவர் இரண்டு ரெய்டுகளில் எதை நிரூபிக்க முடியும் என்பதை அந்தக் கேள்வி கேட்பவர்கள் நினைப்பதில்லை.

ஊர்க் களத்துக்கும் லீக்கின் மேட் எனப்படும் விரிப்புக் களத்துக்கும் இடையிலுள்ள தொலைவையும் இங்கே சொல்லியாக வேண்டும். மதுரை வட்டார ஆட்டங்கள் பலவும் 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ என்று எடைப் பிரிவு வைத்தே நடத்தப்படுகின்றன. 65 கிலோப் பிரிவில் கோப்பைகள் குவித்து, சுற்றுவட்டாரத்தில் பெயர் சொன்னாலே ஆள் கூடும் ஓர் இளைஞர், மூத்தோர் பிரிவில் 85 கிலோ வரை உள்ள பிடி வீரர்களின் சங்கிலிக்குள் நுழைய வேண்டும். மண்ணில் வெறுங்கால் விரல்கள் ஊன்றும். மேட்டில் ஷூவின் அடிப்பாகம் பற்றும். மண்ணில் சறுக்கித் திரும்பப் பழகியவர், மேட்டில் அதே சறுக்கலை முயன்றால் முழங்கால் திருகும். மண்ணில் பிடிபட்டபின் உருண்டு கோட்டைத் தொட முடியும். மேட்டில் விழுந்தால் அடுத்த கணமே மேலே மூன்று பேர். உடலின் எடை, காலின் பழக்கம், முப்பது விநாடிக் கடிகாரத்தின் நெருக்கடி ஆகியவற்றைச் சீராக்க ஒருவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் தேவைப்படுவது குறை அன்று. இந்த ஆட்டத்தின் இயல்பு. ஹரியானாவில் சிற்றூர்ப் பயிற்சிக் கூடங்களிலேயே மேட் விரித்துச் சிறுவயதிலிருந்து ஆடவைக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டதால், அங்கிருந்து வரும் புதியவர் அந்த ஆண்டுகளைப் பதினைந்து பதினாறு வயதிலேயே கடந்துவிட்டு வருகிறார். இங்கிருந்து செல்பவர் அவற்றை லீக்குக்குள், விளக்குகளின் கீழ், விமர்சனத்தின் நடுவே கடக்க வேண்டியிருக்கிறது. சமயநல்லூர்ப் பக்கத்துக் கபடிக் குழு ஒன்று மேட் வாங்கப் பணம் திரட்டுவதும், திருவிழாவுக்குச் சுவரொட்டி அடித்துக் கோப்பை வாங்கப் பணம் திரட்டுவதும் ஒரே பையிலிருந்துதான் நடக்க வேண்டும் என்ற நிலையில், பெரும்பாலும் கோப்பைதான் வெல்கிறது.

எனவே, ஒரு புதிய ரெய்டரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கு விடை, எதிர்பார்க்கவே கூடாது என்பதன்று. காசு கொடுத்து, குரல் கொடுத்துப் பார்ப்பவருக்கு எதிர்பார்க்கும் உரிமை உண்டு. எதை எண்ணுவது என்பதில்தான் தகராறு. மொத்தப் புள்ளியைவிட, அவருக்குக் கிடைத்த ரெய்டுகளில் எத்தனையில் பிடிபடாமல் திரும்பினார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லும். ஏழு பேர் நிற்கும் களத்தில் எடுத்த புள்ளியும், மூவர் எஞ்சிய களத்தில் எடுத்த புள்ளியும் பலகையில் ஒன்றே. ஆனால் மூவர் எஞ்சும்போது சூப்பர் டேக்கிளின் ஆசையில் பிடி வீரர்கள் துணிந்து பாய்வதால், அங்கே பதற்றமின்றித் திரும்பிவரும் இருபது வயது இளைஞர் பத்துப் புள்ளி எடுத்தவரைவிடக் கவனத்துக்குரியவர். டூ ஆர் டை ரெய்டுகளில் அவர் எத்தனைக்கு அனுப்பப்பட்டார், அவற்றில் எத்தனை தேறின என்று பிரித்துப் பார்த்தால், அணி அவரை வளர்க்கிறதா அல்லது பலி கொடுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வைகைக்கரையில் சுண்ணாம்புக் கோட்டோரம் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இவை எதுவும் புதிய பாடம் அல்ல. தங்கள் ஊர்ப் பையனிடம் இதையெல்லாம் அவர்கள் ஏற்கெனவே பார்க்கிறார்கள், பெயர் வைக்காமல் பார்க்கிறார்கள்.

தொலைக்காட்சியிலும் அதைப் பார்க்க ஓர் இடம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது கேமரா சற்று விலகும் நேரங்களில், களத்தின் பின்னால் வெளியேறியவர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் இருக்கை தெரியும். புதிதாக வந்த ரெய்டர் அதில் நான்காவதாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் மூன்று பிடி வீரர்கள். களத்தில் அவருடைய அணியின் மற்றொரு ரெய்டர் போனஸ் கோட்டுக்கு அப்பால் மிதித்துவிட்டுத் திரும்புகிறார், அரங்கு ஆர்ப்பரிக்கிறது, பலகையில் எண் ஒன்று கூடுகிறது. இருக்கையில் ஒருவரும் எழவில்லை.